மில் ஏரியாவில் வளர்ந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோயமுத்தூர் வரதராஜபுரத்தில் வளர்ந்தவன். அப்பா மில்லில் சைடர், அதாவது நூற்பு மிஷின்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாண வீடுகளிலும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களிலும், வெளியூரிலிருந்து இங்கே வாழ வந்த மருமகள்களும் இளம் அப்பாக்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். வாயால் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

மில் ஏரியான்னா எதைங்க சொல்றீங்க? கோயமுத்தூரே மில் ஊருதானுங்களே?

ஊர் முழுக்க மில் இருந்தது உண்மை. ஆனால் இங்கே நான் சொல்வது அவிநாசி ரோட்டுக்கும் திருச்சி ரோட்டுக்கும் நடுவிலும் அவற்றை ஒட்டியும் இருக்கும் பகுதி: பீளமேடு, ஹோப் காலேஜ், வரதராஜபுரம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர். இவற்றைச் சேர்த்துக் கட்டுவது காமராஜர் ரோடு. சிங்காநல்லூர் 1981ல் கோவை மாநகராட்சி ஆனபோதுதான் நகரத்தோடு சேர்ந்தது. அதுவரை தனி நகராட்சி.

மில்கள் ஏன் இங்கே வந்தன என்பதற்குக் காரணங்கள் உண்டு. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888ல் தொடங்கிய மில்லும், குப்புசாமி நாயுடு 1910ல் தொடங்கிய லட்சுமி மில்லும் முன்னோடிகள். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் அடுத்தடுத்து மில்கள் எழும்பின. மில்லைச் சுற்றி லைன் வீடு, டீக்கடை, மளிகைக் கடை, யூனியன் ஆபீஸ், மாரியம்மன் கோயில் என்று ஒரு வாழ்க்கையே உட்கார்ந்துவிட்டது.

ஒரு ஏரியா ஆளை மாத்துமா? எல்லாம் வீட்டு வளர்ப்புதானே?

வீட்டு வளர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏரியாவுக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1994ல் தொடங்கி பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய 5 நகரங்களில் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வேறு ஏரியாவுக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். குலுக்கல் என்பதுதான் இதில் முக்கியம். நல்ல அப்பா அம்மா மட்டும் தேடிப் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பல வருடம் கழித்து பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கணக்குப் பார்த்தார்கள். வறுமை குறைந்த ஏரியாவுக்கு 13 வயதுக்கு முன்னால் போன குழந்தைகள் இருபதுகளின் நடுவில், போகாதவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13க்கு மேல் போனவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பெரியவர்களின் சம்பளமும் உயரவில்லை.

அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட வைக்கக் கூடாது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: சின்ன வயதில், நீண்ட நாள், ஒரு இடத்தில் இருப்பதுதான் வேலை செய்கிறது. மண்ணுக்கோ தண்ணீருக்கோ குணம் எதுவும் இல்லை. தினமும் கண்ணில் படுகிற வேலை, தட்டாமல் நுழையக்கூடிய வீடுகள், தப்புச் செய்தால் கேட்கிற ஆட்கள், இவைதான் ஏரியா. கீழே சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

சங்குச் சத்தத்துல வளர்ந்தவங்கன்னு பெருமையாப் பேசிக்கிறாங்களே, அதுல என்ன இருக்குங்க?

ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மில் சங்கு ஊதும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் அது கேட்கும். சோறு வடிப்பது, பள்ளிக்கூடம் கிளம்புவது, டீக்கடையில் போண்டா போடுவது எல்லாமே அந்தச் சத்தத்தை ஒட்டித்தான். இங்கே வளர்ந்தவர்களில் பலர் 5 நிமிடம் முன்னால் போய் நிற்பார்கள். கேட் மூடிவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்பதை எல்லா வீட்டிலும் யாராவது பட்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ராத்திரி ஷிப்ட். ராத்திரி வேலை முடித்த அப்பா பகலில் தூங்குவார். அந்த வாரம் வீட்டில் ரேடியோ கிடையாது, வாசலில் கோலி கிடையாது, பாத்திரம் தேய்ப்பதுகூடப் பின்பக்கம்தான். பக்கத்து வீட்டு அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்றாலும் இதே சட்டம். அடுத்தவரின் அசதிக்கு இடம் கொடுத்துப் பழகியது அப்படித்தான். இன்றைக்கும் எங்கள் ஆட்களில் பலர் பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உடனே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஷிப்ட் முறையால் சில வாரங்கள் அப்பாவை முழித்த முகத்தோடு பார்ப்பதே அபூர்வம். அப்புறம் பஞ்சுத் தூசி. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமும் இருமலும் வருவது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். அதை ‘திங்கட்கிழமைச் சளி’ என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்த வீடுகள் உண்டு. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் முதலில் வந்தது கோவையில்தான், 1955ல். காமராஜர் ரோட்டு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எங்கள் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி. பெருமை பேசும்போது அந்த இருமலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எங்க மாமனாரு எது கெட்டாலும் தானே பிரிச்சுப் போட்டு உக்காந்துக்கறாரு. இது மில் ஏரியாப் பழக்கமுங்களா?

ஆமாம். இதுதான் இந்த ஏரியா தந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மில் மிஷினுக்கு உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மிஷின் நிற்க முடியாது. அதனால் மில்லைச் சுற்றி லேத் பட்டறையும் வார்ப்புப் பட்டறையும் முளைத்தன. மில்லுக்குச் செய்யக் கற்ற கை, கிணற்றுக்கு மோட்டார் பம்ப் செய்தது. மழை குறைந்த கொங்கு நாட்டில் தோட்டத்துக் கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, பம்புக்குத் தேவை தீரவே இல்லை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937ல் இங்கே மின் மோட்டார் செய்தார்கள். அப்புறம் மாவாட்டும் கிரைண்டர் வந்தது, கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926ல் அறநிலையம் வைத்தார்கள், 1951ல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பட்டறையும் படிப்பும் நடந்து போகிற தூரத்தில் இருந்தன.

இதில் குழந்தைக்கு என்ன கிடைத்தது? பட்டறைகளுக்குக் கதவு திறந்தே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்க்கலாம். லேத்தில் இரும்புச் சுருள் நீலமாகச் சுருண்டு விழுவதையும், ஒரு ஆள் காதை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்வதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு மிஷின் மேல் பயம் இருக்காது. கெட்டுப்போனதற்குக் காரணம் இருக்கும், பிரித்தால் தெரியும் என்று அவன் நம்புவான். உங்கள் மாமனார் பிரித்துப் போட்டதைத் திரும்ப மாட்டுகிறாரா என்று பாருங்கள். மாட்டிவிட்டார் என்றால் அவர் நல்ல பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்.

லைன் வீட்டுல வளர்ந்தா யாருகிட்டயும் கூச்சமே இருக்காதாமா?

லைன் வீடு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருக்கும் வாடகை வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. குழாயும் கக்கூஸும் பொது. சிறுவாணித் தண்ணி வரும் நேரத்தில் குடங்கள் வரிசையில் நிற்கும். மற்ற நேரம் உப்புத் தண்ணிதான். வரிசையில் ஆள் இல்லாமல் குடம் மட்டும் இருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது என்பது எழுதாத விதி.

கூச்சம் குறையும் என்பது சரி. பசித்தால் எந்த வீட்டிலும் அரிசிம்பருப்புச் சாதம் கிடைக்கும். “கண்ணு, இந்தச் சீட்டைக் கடையில கொடுத்துட்டு வா” என்று யாரும் வேலை ஏவலாம், யாரும் திட்டலாம். ஆனால் தனிமையும் கிடையாது. பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் தெருவிளக்குக்குப் போனவர்கள் உண்டு. ஒரு வீட்டில் அடிதடி நடந்தால் எல்லாருக்கும் கேட்கும், எல்லாரும் கேட்காததுபோல இருப்பார்கள். குடித்துவிட்டு வந்த அப்பாவிடமிருந்து அம்மாவைக் காப்பாற்ற அந்த நெருக்கம் எப்போதும் உதவவில்லை. சில நேரம் உதவியது, பக்கத்து வீட்டு ஆத்தா ஒருத்தர் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டால் போதும்.

எல்லாரையும் ‘வாங்க, போங்க’ன்னு பேசறது மில்லால வந்ததுங்களா?

இல்லை, அது கொங்குப் பேச்சு. மில்லுக்கு முன்னாலேயே இருக்கிறது. மில் சேர்த்தது வேறு: பல மொழிகளை ஒரே தெருவில் வைத்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளி எல்லாரும் மிஷின் பக்கத்தில் தமிழ் பேசினார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிற மொழிக்காரர் மேல் மிரட்சி குறைவு என்றால் காரணம் அதுதான்.

ஆனால் அந்த ‘ங்க’ எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. தெருக் கூட்ட வந்த அருந்ததியர் பெரியவரை, பேரன் வயதுப் பையன் ‘வா, போ’ என்று கூப்பிட்டதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். மரியாதைக்குப் பேர்போன ஊரில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஒரு ஏரியா நல்லதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சாதியெல்லாம் மில்லுக்குள்ள கரைஞ்சு போச்சுன்னு எங்க அப்பாரு சொல்வாரு. நிசமா?

மில்லுக்குள் கொஞ்சம் கரைந்தது. ஒரே மிஷினில் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒரே கேண்டீனில் சாப்பிடும்போது, தோட்டத்தில் பண்ணையத்துக்குக் கீழே நின்றதைவிட நிமிர்ந்து நிற்க முடிந்தது. கூலி கையில் காசாக வந்தது என்பதே பலருக்கு விடுதலை. உங்கள் அப்பாரு சொல்வது அந்தப் பகுதியைத்தான்.

கேட்டுக்கு வெளியே கதை வேறு. யார் எந்த லைனில் வாடகைக்குக் குடியிருக்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. கொங்குக் கிராமங்களில் டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்தது பலமுறை பதிவான விஷயம். மில் தெருவில் அது அவ்வளவு வெளிப்படையாக இல்லாவிட்டாலும் நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, யார் வீட்டில் யார் சாப்பிடுவது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேரின் ஞாபகம் ஒன்றாக இருக்காது. “அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தோம்” என்று ஒருத்தர் சொன்னால், அந்தத் தெருக்கோடியில் இருந்தவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யூனியன், கொடி, ஸ்டிரைக்கு... அதெல்லாம் குழந்தைங்களை முரடா ஆக்கலீங்களா?

நான் பார்த்தவரை கணக்குக் கேட்கிறவர்களாக ஆக்கியது. தீபாவளிக்கு முன்னால் தெருவே போனஸ் பற்றிப் பேசும். 1965 போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம். பள்ளிக்கூடத்தில் சதவீதம் நடத்துவதற்கு முன்பே எங்களுக்கு அது தெரியும். வாயிற்கூட்டத்தில் பேசுகிறவர் மாலையில் நம்மோடு குடம் பிடித்து நிற்கிறவர்தான் என்பதால், அதிகாரியிடம் கேள்வி கேட்பது பெரிய வீரம் என்று தோன்றாது, சாதாரண வேலையாகத் தோன்றும்.

இதன் பின்னால் ரத்தம் இருக்கிறது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நாலு பேரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே வருடம் நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள். இவற்றை எங்களுக்குப் பள்ளிப் பாடம் சொல்லித் தரவில்லை, டீக்கடைத் திண்ணை சொல்லித் தந்தது.

பொண்ணுகளுக்கும் இதே கதைதானுங்களா?

இல்லை. மேலே பட்டறையைப் பற்றிச் சொன்னேனே, அந்தத் திறந்த கதவு பையன்களுக்குத்தான் திறந்திருந்தது. பெண் பிள்ளை நின்று வேடிக்கை பார்த்தால் வீட்டுக்குச் சேதி போய்விடும்.

மில்லில் பெண்கள் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்தார்கள், முக்கியமாக நூல் சுற்றும் ரீலிங், வைண்டிங் பகுதிகளில். புது மிஷின்கள் வந்தபோது அந்த இடங்கள் முதலில் குறைந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கத் தடை போட்டது, மூணு ஷிப்ட் ஓட்ட விரும்பிய முதலாளி ஆண்களையே எடுத்தார். அப்புறம் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து சின்னப் பெண்களை விடுதியில் தங்கவைத்து, சில வருடம் முடிந்ததும் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய மில்கள் கொங்கு நாடு முழுக்க உண்டு. அந்தப் பெண்களுக்கு விடுதிச் சுவர் இருந்தது, ஏரியா இருக்கவில்லை. டீக்கடை இல்லை, யூனியன் இல்லை, வாசலில் வந்து உட்கார ஒரு ஆத்தா இல்லை. ஏரியா ஒரு ஆளுக்கு என்ன செய்கிறது என்று புரிய, அது இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் போதும்.

சிங்காநல்லூர்ன்னா ஆர்.எஸ்.புரத்துல ஒரு மாதிரி பாப்பாங்களே, அது மனசுல தங்கிடுமா?

கொஞ்சம் தங்கும். ஆர்.எஸ்.புரம் ரத்தினசபாபதி முதலியார் பேரில் அமைந்த, நேர்நேராகத் தெருப்போட்ட வசதியான பகுதி. அங்கே வளர்ந்தவர்களுக்கு வக்கீலும் டாக்டரும் சித்தப்பா மாமாவாக இருப்பார்கள். எங்களுக்கு ஃபிட்டரும் மேஸ்திரியும். இங்கிலீஷ் பேச வேண்டிய அறைக்குள் நுழையும்போது வித்தியாசம் தெரிந்தது. வேலை கைக்கு வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது.

ஆனால் முத்திரை என்பது எல்லாருக்கும் இவ்வளவு லேசாகப் போகாது. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கோட்டைமேடு, உக்கடம் என்று விலாசம் சொன்ன முஸ்லிம் இளைஞர்கள் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் பட்ட பாடு வேறு. அவர்கள் எதுவும் செய்யவில்லை, அங்கே வளர்ந்தார்கள், அவ்வளவுதான். ‘ஏரியா ஆளை உருவாக்கும்’ என்று பேசுகிற நாம், அந்தப் பேச்சை ஒரு ஆளைப் பார்க்காமலே எடைபோடப் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எதையும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மில்லெல்லாம் மூடியாச்சு. இப்ப அங்க வளர்ற பசங்களுக்கு என்னங்க மிச்சம்?

பங்கஜா மில், கம்போடியா மில் போன்றவை 1974 சட்டத்தில் தேசியமயமாகி என்.டி.சி., அதாவது தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குப் போயின. 2020 மார்ச் ஊரடங்கில் என்.டி.சி. மில்கள் நின்றன. தனியார் மில் இடங்கள் பலவும் அடுக்குமாடியாகவும் கடைவளாகமாகவும் மாறிவிட்டன. சங்கு இல்லை. பட்டறைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் லேத் ஓட்டுகிறவர் பல இடங்களில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். அவருடைய குழந்தை இப்போது அதே லைன் வீட்டில், அதே குழாயடியில் வளர்கிறது. இந்த ஏரியா அடுத்து யாரை உருவாக்கப்போகிறது என்றால் அந்தக் குழந்தையைத்தான் முதலில் சொல்வேன். நம் தாத்தாக்களும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து துணி மூட்டையோடு வந்தவர்கள்தான்.

பாப்பாவுக்கு எட்டு வயசு. விளாங்குறிச்சிப் பக்கம் அபார்ட்மென்ட்டுக்குப் போலாமா, இங்கயே இருக்கலாமா?

இரண்டாவது கேள்வியில் சொன்ன ஆய்வைக் கேட்டுவிட்டுப் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஆய்வுக் குடும்பங்கள் கடும் வறுமைக் குடியிருப்பிலிருந்து போனவை. நீங்கள் ஒரு சுமாரான இடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறீர்கள். பெரிய லாப நஷ்டம் எதிர்பார்க்க வேண்டாம்.

புது இடத்தைப் பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போக முடியுமா, வழியில் பெரியவர்கள் வேலை செய்வது கண்ணில் படுமா, துணையில்லாமல் பாப்பா போகக்கூடிய வீடுகள் குறைந்தது இரண்டு இருக்குமா, அங்கே எல்லா வருமானக்காரர்களும் இருக்கிறார்களா. இங்கேயே இருப்பதானால் பெண் பிள்ளைக்கு மூடியிருந்த அந்தப் பட்டறைக் கதவை நீங்களே திறந்துவிடுங்கள். தெரிந்த பட்டறைக்காரர் ஒருத்தரிடம் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய் மோட்டார் காயில் சுற்றுவதைக் காட்டுங்கள்.

எங்க அப்பா அந்தக் காலத்தைப் பத்தி வாயே திறக்கறதில்லீங்க. எப்படிக் கேக்கறது?

“அப்ப எப்படிங்கப்பா இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்று முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். முதலில் சேர்ந்தது எந்த மில்? எத்தனை வருஷம் பதிலியாக, அதாவது ஆள் வராத நாளுக்கு மட்டும் வேலை கிடைக்கும் ஆளாக, இருந்தீர்கள்? எந்த டிபார்ட்மென்ட்? பக்கத்து மிஷினில் யார்? பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு இருந்தால் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

மில் மூடிக் கிடந்த மாதங்களைப் பற்றிக் கேட்கும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்போது சம்பளம் இல்லாமல் வீட்டை ஓட்டியது அவர்தான். மளிகைக் கடை நோட்டில் எவ்வளவு நின்றது, எந்த நகை அடகுக்குப் போனது, யார் கேட்காமலே அரிசி கொண்டுவந்து வைத்தார்கள் என்பது அப்பாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.